படக்கலை வல்லார் முர்னௌ

மக்கள் உள்ளத்திற் கிளரும் உணர்ச்சிகளுள் அச்சமும் ஒன்றாகும். தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தவிடத்து, நகை அழுகை முதலியவற்றோடு அச்சத்தையும் ஒப்ப வைத்தெண்ணி, அஃது அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் என்னும் நான்கின் காரணமாகத் தோன்றும் என விளக்கியுள்ளார். அங்ஙனமாகவும், பேய்க்கதை என்றவுடன் அது பாட்டியர் சிறுவரை அடக்குதற்குக் கூறும் வெறுங்கதையென எள்ளி நகையாடுவார் நம்மிடையே பலர் உளர். பேய்ப்படம் என்றாலோ அவ்விகழ்ச்சி இன்னும் ஒரு படி மிகும். ஆனால் அச்சச் சுவையை உயரிய கலையாக ஆக்கிக் காட்டிய அறிஞர் ஒருவர் ஜெர்மானிய நாட்டில் வாழ்ந்திருந்தார். பிரீடரிக் வில்ஹெல்ம் முர்னௌ என்னும் அவருடைய வரலாற்றை நாம் இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். பிறருடைய பொருளையும் கட்டளையையும் சாராது தன் மனத்திற்கு ஒத்தவாறு தொழில் செய்ய விரும்புவோன் அதற்கு எத்துணை விலை கொடுக்க நேரும் என்பது இவ்வரலாற்றால் நன்கு விளங்கும்.

முர்னௌ 1888-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள பீலபெல்டு நகரத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீடரிக் வில்ஹெல்ம் பிளம்ப்பெ என்பது. தந்தையார் துணித் தொழிலிற் பொருளீட்டிய செல்வர். குடும்பம் பின்னர்க் காஸல் என்னும் ஊரிற் குடியேறிற்று. இளமை தொட்டே நம் முர்னௌவுக்கு நூல்களில் அளவிறந்த வேட்கை இருந்தது. வீட்டிலேயே உடன்பிறந்தாரைக் கூட்டிச் சிறு நாடகங்கள் நடத்துவிப்பதில் அவர் பெருமகிழ்ச்சி யடைந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின், பெர்லின் சர்வகலாசாலையில் மொழிநூலும், ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் கலை வரலாறும் இலக்கியமும் பயின்றார்.

ஹைடல்பர்க்கில் மாணவர்கள் நடித்த நாடகமொன்றில் அவரைக் கண்ட மாக்ஸ் ரைன்ஹார்ட்டு என்னும் பேர்பெற்ற நாடகாசிரியர், அவருடைய ஆற்றலை மதித்துத் தம் நடிப்புப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டார். மகன் மேடையேறுவது பெற்றோர்க்கு உடன்பாடாக இல்லை. ஆதலின் அவர் குடும்பப் பெயரை விடுத்துப் பவேரியாவில் ஏரிக்கரையில் அமைந்த முர்னௌ என்னும் சிற்றூரின் பெயரையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். தாமே தேர்ந்துகொண்ட பெயரோடு தொழிலைத் தொடங்கிய அவர், இறுதிவரை அதனைத் தம் விருப்பப்படியே நடத்த முயன்றார் என்பதை மேலே காண்போம்.

1914-ஆம் ஆண்டில் முதல் மகாயுத்தம் மூண்டது. முர்னௌ காலாட்படையிற் சேர்ந்து கிழக்குப் போர்முனையிற் பணிபுரிந்தார். அவருடைய உற்ற நண்பரும் கவிஞருமான ஹான்ஸ் ஏரன்பௌம்-டேகலெ என்பவர் 1915-ஆம் ஆண்டில் அம்முனையிலேயே மடிந்தார். பின்னர் முர்னௌ விமானப் படைக்கு மாறிப் பிரான்சு தேசத்தின்மேற் பறந்தார். பன்முறை விமானம் வீழ்ந்தும் உயிர் தப்பினார். 1917-ஆம் ஆண்டில் அவருடைய விமானம் நடுநிலை நாடாகிய ஸ்விட்ஸர்லாந்தில் இறங்கிற்று. அந்நாட்டார் அவரைப் போர் முடியுமளவும் காவலில் வைத்தனர். காவலிலும் அவர் வாளா இருந்திலர். ஆங்கு நாடகம் நடத்துவதில் ஈடுபட்டார். பிற்காலத்தில் அவர் படங்களில் இறப்பின் நிழல் அடுத்தடுத்து வந்து விழுவதைக் காணும்போது, இளமையிலேயே இறப்பினை இத்துணை அணுகிக் கண்டவர் அவர் என்பது நம் நினைவுக்கு வருகின்றது.

போர் முடிந்து தாய்நாடு மீண்ட முர்னௌ, நாடகத்தை விடுத்துச் சலனப்படத் தொழிலிற் புகுந்தார். அக்காலத்துப் படங்கள் யாவும் பேசாப் படங்களே. அவர் இயற்றிய முதற்படமாகிய 'நீலவுடைச் சிறுவன்' 1919-ஆம் ஆண்டிலே தோன்றியது. அடுத்த ஆண்டில், ஸ்டீவன்ஸன் எழுதிய டாக்டர் ஜெகில் கதையைப் பெயர் மாற்றி 'இருமுகத் தலை' என்னும் பொருள்படும் ஒரு படமாக்கினார். கான்ராட் வைட்டு அதில் முதன்மை வேடந் தாங்கினார். பேலா லுகோஸி என்பவர் ஒரு சிறு வேடம் ஏற்றார். 1931-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படமொன்றில் டிராகுலாப் பிரபுவாக நடித்துப் பெரும்புகழ் எய்தியவர் இவரே. இவ்விரு படங்களும் இன்று காணக் கிடைத்தில.

இனி முர்னௌவின் பெயரை நிலைநாட்டிய பேய்ப்படத்தின் வரலாற்றைக் கூறுவாம். 1921-ஆம் ஆண்டில் என்ரிக்கோ டீக்மன், ஆல்பின் கிரௌ என்னும் இருவர் சேர்ந்து ஒரு சிறு படக் கம்பெனி தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பிராணா' என்பது. நாம் உயிரைக் குறிக்க வழங்கும் பிராணன் என்னும் வடசொல்லே அது. கிரௌ என்பவர் ஓவியர். மறைபொருள் ஆராய்ச்சியிற் பற்றுடையவர். அக்கம்பெனியார் பல படங்கள் எடுக்கக் கருதினர். ஆயின் முற்றுப்பெற்றது ஒன்றே. அதனை இயற்றும் பொறுப்பு முர்னௌவிடம் வந்தது. அப்படத்தின் பெயர் 'நோஸ்பெராட்டு'.

ஐரிஷ் ஆசிரியராகிய பிராம் ஸ்டோக்கர் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிராகுலா' என்னும் நவீனமே இப்படத்திற்கு மூலமாகும். பகலிற் சவப்பெட்டியில் உறங்கி, இரவில் எழுந்து மக்கள் இரத்தத்தைக் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை அது. நம் நாட்டார் இரத்தக் காட்டேரி என்று அஞ்சுவது போன்றதொரு பேய் எனக் கொள்ளலாம். கதையைப் படத்திற்கேற்ப எழுதிய ஹென்ரிக் காலீன் என்பவர், டிராகுலாவை ஓர்லாக் ஆக்கினார். லண்டன் மாநகருக்கு ஈடாக ஜெர்மனியில் விஸ்பர்க் என ஒரு கற்பனை நகரைப் படைத்தார்.

கம்பெனியிடம் பொருள் மிகுதியாக இல்லை. படம் பிடித்த பிரிட்ஸ் ஆர்னோ வாக்னர் என்பவர்க்குக் காமிரா ஒன்றே கிடைத்தது. ஆகவே மூலப் படச்சுருளும் ஒன்றே. அக்காலத்து ஜெர்மானியப் படங்கள் பல, துணியிலும் அட்டையிலும் தீட்டிய காட்சிகளுக்கிடையே ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டன. முர்னௌவோ தம் குழுவினரை அழைத்துக்கொண்டு வெளியே புறப்பட்டார். விஸ்மார், லூபெக் என்னும் பழந் துறைமுக நகரங்களின் வீதிகள் விஸ்பர்க் ஆயின. லூபெக்கிலுள்ள பழைய உப்புக் கிடங்குகள் பேய்ப்பிரபு குடியேறும் பாழ்வீடாயின. ஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலைகளும் ஓராவாக் கோட்டையும் அவனுடைய நாடாயின. மெய்யான மலையும் மெய்யான தெருவும் மெய்யான கடலும் கண்முன் தோன்ற, அவற்றினிடையே பேயொன்று நடந்து வருமாயின், காண்போர் அது பொய்யென்று ஒதுக்குதல் அரிதன்றோ? செலவுக்கு அஞ்சி ஒடுங்காமல், உள்ளதைக்கொண்டே அரிய பயன் விளைத்த திறம் இது.

சிக்கனத்தோடு திட்பமும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னரே சித்திரம் வரைந்துகொண்டார். நடிகர் அசைவு சீராக அமைதற்பொருட்டு, சங்கீத மாணாக்கர் தாளங் கணிக்கும் கருவியை வைத்து அளந்தார். பேயின் நாட்டுக் காட்டுவழியைக் காட்டவேண்டியவிடத்து, கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறித் தோன்றும் நெகடிவையே படத்திற் சேர்த்தார். வெண்மரங்களினூடே வண்டி விரைந்து செல்லும் அக்காட்சி வேற்றுலகமே போலும். ஓர்லாக் வேடந் தாங்கிய மாக்ஸ் ஷ்ரெக் என்னும் நாடக நடிகர், மொட்டைத் தலையும் எலிப்பல்லும் நீண்ட நகங்களுமாகத் தோன்றினார். ஆயினும் படத்திலே பெரிதும் நடுக்கந் தருவது அவருடைய உருவினும் அவருடைய நிழலே என்போம். இறுதியில் பேய் படியேறிச் செல்லும்போது நாம் காண்பது சுவரில் ஊர்ந்து செல்லும் கூனிய நிழலை. கதவை நோக்கி நீள்வதும் கைந்நிழலே.

ஓர்லாக் தனித்து வருவதில்லை. அவன் ஏறிய மரக்கலத்தில் மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். ஆளில்லாத அக்கலம் அமைதியாகத் துறைமுகத்துட் புகுகின்றது. அதனின்று எலிகள் இறங்குகின்றன. நகரெங்கும் கொள்ளைநோய் பரவுகின்றது. தெருவிலே சவப்பெட்டிகள் வரிசையாகச் செல்கின்றன. போரிலே பல இலக்கம் மக்களை இழந்து, அதனை அடுத்து 1918-ஆம் ஆண்டில் விஷக்காய்ச்சலிலும் பலரை இழந்திருந்த ஜெர்மானியர்க்கு இக்காட்சிகள் வெறுங் கற்பனையாகத் தோன்றியிரா.

கதையின் முடிபும் கருதத்தக்கது. ஸ்டோக்கரின் நூலில் பிரபு பகலிலும் நடமாட வல்லவன். ஆடவர் பலர் கூடிப் படைக்கலங்களால் அவனைக் கொல்கின்றனர். படத்திலோ எல்லென் என்னும் நங்கை, ஊரின் துயர் தீரும்பொருட்டுத் தன்னையே பலியாக ஈந்து, கோழி கூவுமளவும் பேயைத் தன்னிடம் இருத்திவைக்கின்றாள். கதிரவன் ஒளி பட்டதும் பேய் புகையாய் மறைகின்றது. இவ்விறுதிப் பகுதியின் பன்னிரண்டு பக்கங்களை முர்னௌ தாமே புதிதாக எழுதினார். இரத்தக் காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்று பிற்காலத்துப் படங்கள் பலவற்றுட் காணும் வழக்கிற்கு இப்படமே தோற்றுவாயாயிற்று.

1922-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள் பெர்லின் மிருகக்காட்சிச் சாலையின் சலவைக்கல் மண்டபத்தில் படம் முதன்முறை காட்டப்பட்டது. கம்பெனியார் விளம்பரத்திற்கெனப் பெரும்பொருளை வாரியிறைத்தனர். ஆனால் மூலநூலுக்குரியவரிடம் அனுமதி பெற அவர்கள் பொருள் செலவிட்டிலர். ஸ்டோக்கர் 1912-ஆம் ஆண்டிலேயே காலஞ்சென்றுவிட்டார். அந்நூலின் உரிமை அவருடைய கைம்பெண்ணாகிய பிளாரென்ஸ் ஸ்டோக்கர் அம்மையாரிடம் இருந்தது. அம்மையார்க்குச் செய்தி எட்டியதும், எழுத்தாளர் சங்கத்தின் துணைகொண்டு வழக்குத் தொடுத்தார். கம்பெனியோ அதற்குள் கடனில் மூழ்கித் திவாலாகிவிட்டது. பெயரளவில் உயிரைத் தாங்கிய பிராணா ஒரே படத்தோடு உயிர் நீத்தது. ஈட்டுப்பொருள் பெறுதற்கு வழியில்லாமற் போகவே, படத்தையே அழித்துவிட வேண்டுமென அம்மையார் முறையிட்டார். வழக்கு நீண்டது. 1925-ஆம் ஆண்டில் நியாயஸ்தலத்தார் நெகடிவையும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுமாறு தீர்ப்பளித்தனர்.

இவ்விடத்து நாம் நடுநிலை தவறாது பேசுதல் வேண்டும். முர்னௌவின்மீதுள்ள அன்பினால் அம்மையாரைப் பழிப்பார் சிலர். அது முறையன்று. பிறர் பொருளைக் கேளாது எடுத்தல் எவ்வளவு சிறந்த கலையாக முடியினும் தவறே. ஸ்டோக்கர் கதை இது எனப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்திற் காட்டிய கம்பெனியார், தாம் செய்வது இன்னதென அறிந்தே செய்தனர். முர்னௌவும் இதற்கு முன்னர் ஸ்டீவன்ஸன் கதையை அவ்வாறே பெயர் மாற்றி எடுத்தவராதலின், அவரையும் முற்றிலும் குற்றமற்றவர் என்று நாம் கூறத் துணியோம். அம்மையார் பக்கம் நீதி இருந்தது. எனினும், அந்நீதி முழுதும் நிறைவேறியிருப்பின் உலகம் ஓர் அரும்பொருளை இழந்திருக்கும் என்பதும் மெய்யே. நீதியும் கலையும் இங்ஙனம் எதிரெதிர் நிற்குமிடத்து எளிதில் தீர்ப்புக் கூற எம்மால் இயலவில்லை.

தீர்ப்பு வருமுன்பே சில பிரதிகள் அயல்நாடு சென்றுவிட்டன. அவை அழியாது தப்பின. 1929-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்தார் அப்படத்தைக் கண்டனர். வெவ்வேறு நாடுகளிற் சிதறிக் கிடந்த பிரதிகளை ஒப்புநோக்கி, நம் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர் பாடபேதம் ஆராய்ந்தது போலவே, பிற்காலத்தார் குறை நிரப்பிச் செப்பஞ் செய்தனர். முர்னௌவின் பெயரால் ஜெர்மனியில் 1966-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அறநிலையம் இப்பணியிற் பெரும்பங்கு கொண்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் முர்னௌ 'ஊபா' என்னும் பெருங்கம்பெனியிற் சேர்ந்துவிட்டார். 1924-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய 'கடைசி மனிதன்', பெரிய ஹோட்டலொன்றின் வாயிற்காவலனைப் பற்றியது. முதுமையால் அவன் பதவி இழந்து கழிப்பறைப் பணியாளாகின்றான்; பொற்பித்தான் பதித்த அங்கியோடு அவன் மானமும் பறிபோகின்றது. இதிற் பேயில்லை. ஆயின் ஏழையொருவன் அயலார் முன் மானம் இழப்பதற்கு அஞ்சும் அச்சம் உண்டு. எமில் யானிங்ஸ் அவ்வேடத்தை வியக்கத்தக்கவாறு நடித்தார். கார்ல் பிராய்ண்டு காமிராவை மார்பிற் கட்டிக்கொண்டு நடந்தும் படம் பிடித்தார். இடையிடையே எழுத்துக்களைக் காட்டிக் கதை சொல்லும் அக்கால வழக்கத்தைப் பெரும்பாலும் நீக்கி, காட்சியாலேயே கதை முழுதும் விளங்கச் செய்தார் முர்னௌ. 1926-ஆம் ஆண்டில் கெதே பெருங்கவிஞரும் பாடிய பௌஸ்டு கதையைப் படமாக்கினார். கருஞ்சிறகு விரித்த சாத்தான் ஊர் முழுதும் மூடி நிற்கும் காட்சி அதில் உண்டு.

புகழ் கடல் கடந்தது. அமெரிக்காவில் வில்லியம் பாக்ஸ் என்னும் முதலாளி அவரை வருவித்து, வேண்டிய பொருளும் உரிமையும் தந்தார். 1927-ஆம் ஆண்டில் 'சூரியோதயம்' வெளிவந்தது. மனைவியைக் கொல்லக் கருதிய உழவன் ஒருவன் மனந்திரும்பும் கதை அது. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கலைக் கழகத்தார் முதன்முறை பரிசு வழங்கியபோது, ஒப்பற்ற கலைப்படைப்புக்குரிய பரிசு அதற்குக் கிடைத்தது. அதில் நடித்த ஜானெட் கெய்னர் சிறந்த நடிகைக்குரிய பரிசைப் பெற்றார். ஆனால் செலவுக்கேற்ற வரவு இல்லை. உடனே முதலாளிகளின் மனமும் மாறிற்று. பேசும்படமும் அப்போது வந்துவிட்டது. 1928-ஆம் ஆண்டின் 'நான்கு பிசாசுகள்' என்னும் படத்திலும் அதற்கடுத்த படத்திலும் அவருடைய கருத்துக்கு மாறாகப் பேச்சுப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. தம் படைப்பைப் பிறர் கைவைத்துத் திருத்தக் கண்ட முர்னௌ அப்பணியை உதறினார்.

அவர் 'பாலி' எனப் பெயரிட்ட பாய்க்கப்பலொன்றை வாங்கிக்கொண்டு, 1929-ஆம் ஆண்டில் பசிபிக் மாகடலிலுள்ள டாஹிட்டித் தீவுக்குச் சென்றார். வடதுருவத்து எஸ்கிமோவரின் வாழ்வைப் படமாக்கிப் புகழ்பெற்ற ராபர்ட் பிளாஹர்ட்டி அவரோடு கூட்டுச் சேர்ந்தார். பொருள் தருவதாகச் சொன்ன கம்பெனியார் அதனைத் தந்திலர். முர்னௌ தம் கைப்பொருளையே செலவிடலானார். ஹாலிவுட்டிலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோரைத் திருப்பியனுப்பிவிட்டு, தீவினரையே தொழிலிற் பழக்கினார், நடித்தவரும் தீவினரே. காலப்போக்கிற் பிளாஹர்ட்டியோடும் கருத்து வேறுபட்டது. முடிவில் அவருடைய பங்கையும் 25,000 டாலர் தருவதாக ஏற்று முர்னௌ தாமே வாங்கிக்கொண்டார். இங்ஙனம் கடனிலும் தனிமையிலும் 'டாபு' என்னும் படம் உருவாயிற்று.

வெயிலும் அலையும் இளமையும் நிறைந்த அப்படத்தைப் பேய்ப்படம் என்பார் இலர். ஆயினும் நாம் அதிற் காண்பது பழைய ஓர்லாக்கின் நிழலையே. தெய்வத்துக்குரியவளென ஒதுக்கப்பட்ட பெண்ணும் அவளை விரும்பிய முத்துக்குளிக்கும் இளைஞனும் தீவுவிட்டுத் தீவு ஓடுகின்றனர். ஹிட்டு என்னும் முதியோன் விடாது தொடர்கின்றான். ஈற்றில் அவளைக் கவர்ந்து செல்லும் படகின் கயிற்றை நீந்திவந்து பற்றிய இளைஞனுக்குக் கிட்டியது யாது? முதியோன் கயிற்றை அறுக்கின்றான்; பாய்விரித்த படகு செல்கின்றது; இளைஞன் அலையில் மூழ்குகின்றான். பேய் என ஒன்றைக் காட்டாமலே பேய்க்கதைக்குரிய பேரச்சத்தை நண்பகல் வெயிலிலும் எழுப்பக்கூடும் என்பதை முர்னௌ இதனால் நிலைநாட்டினார்.

பாரமவுண்டுக் கம்பெனியார் அப்படத்தை வெளியிட முன்வந்தனர். நற்காலம் பிறந்ததென நண்பர் மகிழ்ந்திருக்க, 1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் காலிபோர்னியாவின் கடற்கரைச் சாலையில் அவர் சென்ற மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. மறுநாள் சாண்டா பார்பராவில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 42. ஒரு வாரம் சென்று, 18-ஆம் நாள், நியூயார்க்கில் 'டாபு' முதன்முறை காட்டப்பட்டது. போரிலே பன்முறை வானத்தினின்று வீழ்ந்தும் பிழைத்தவர் சாலையிலே மாண்டார். தம் பொருளெல்லாம் செலவிட்டு ஆக்கிய படத்திற்கு உலகம் அளித்த வரவேற்பை அவர் கண்டிலர். அப்படத்தில் ஒளிப்பதிவு செய்த பிளாய்டு கிராஸ்பி என்பவர்க்குப் பின்னர்ப் பரிசும் கிடைத்தது.

உடல் தாய்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெர்லினை அடுத்த ஸ்டான்ஸ்டார்ப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. ஆங்கு இரங்கலுரை கூறியவர் பிரிட்ஸ் லாங் என்னும் மற்றொரு படக்கலை மேதை.

முர்னௌ இயற்றிய படங்கள் 21. அவற்றுள் 12 மட்டுமே முழுமையாக எஞ்சியுள்ளன. பெருஞ்செல்வர் பணத்தில் உருவான 'நான்கு பிசாசுகள்' மறைந்தது. தீயிலிடுக என நியாயஸ்தலம் ஆணையிட்ட 'நோஸ்பெராட்டு' நின்றது. 1979-ஆம் ஆண்டில் வெர்னர் ஹெர்ஸாக்கும், 2024-ஆம் ஆண்டில் ராபர்ட் எக்கர்ஸும் அக்கதையை மீண்டும் படமாக்கினர். 2012-ஆம் ஆண்டில் உலகத் திறனாய்வாளர் பலரைக் கொண்டு லண்டன் பத்திரிகையொன்று எடுத்த கணிப்பில் 'சூரியோதயம்' ஐந்தாம் இடம் பெற்றது.

அன்பார்ந்த மாணவர்காள்! கருவி ஒன்றே உளது, பொருள் சுருங்கியது, காலம் போதாது என்று நாம் பல நற்செயல்களைத் தள்ளிவைக்கின்றோம். முர்னௌ ஒரே காமிராவைக் கொண்டு நூறாண்டு நிலைக்கும் நிழலைத் தீட்டினார். பொருள் மிக்க இடத்தில் தம் உரிமை குறைந்தபோது, பொருளை விட்டு உரிமையைக் கைக்கொண்டார். அவருடைய திட்பத்தை நாம் மேற்கொள்வோமாக. அதனோடு, கைம்பெண் ஒருவரின் உரிமையைக் கேளாது கொண்டமையால் அவ்வரும்பொருளுக்கு நேரவிருந்த அழிவையும் மறவாதிருப்போமாக.